காணிகள் அறிந்த பச்சிலை

நவராத்திரிதோறும் வேளிமலைக் குமாரசுவாமி திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளி, ஆரியசாலை தேவி ஆலயத்தில் தங்குகிறார். குறமகள் வள்ளியை மணந்த அப்பெருமானை வணங்கும் நகரவாசிகள், மலைவாழ் மக்களின் அறிவையும் அதே அளவு மதித்ததாகச் சொல்ல இயலாது.

1987-இல் டாக்டர் புஷ்பாங்கதனின் ஆய்வுக் குழு அகத்திய மலைக் காடுகளில் ஏறியது. படித்தவர்கள் களைத்து அமர்ந்தனர். வழிகாட்டிகளான காணிகளோ ஏதோ சிறு காய்களை மென்றவாறு சளைக்காமல் நடந்தனர். அது அவர்கள் குலத்தின் இரகசியம். மிகவும் தயங்கியே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, அதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் அளித்தது. உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம். இவற்றில் பாதி காணிகளுக்கு. அதனைப் பெற 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. நம் நாட்டில் இதற்கான சட்டமே 2002-இல்தான் பிறந்தது!

ஆயினும் இலையின் தேவை பெருகியதும், அரிய செடி அழியுமென அஞ்சிய வனத்துறை சேகரிப்பைத் தடுத்தது. தோட்டத்தில் வளர்க்கலாமே என்றால், அதுவும் எளிதன்று. மரநிழலும் ஓடைக்கரை ஈரமும் விட்டுப் பெயர்ந்த செடியில் மருத்துவ ஆற்றல் குன்றியிருந்தது. எங்கே, எந்த நிழலில் அது செழிக்கும் என்பதை அறிந்தவர்கள் காணிகளே.

2018-இல் பத்மஸ்ரீ பெற்ற கல்லாற்றுக் காணி மூதாட்டி லட்சுமிக்குட்டி, நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே தயாரித்தவர். அவருக்கு ஆசிரியை, அவருடைய தாய்.