மோட்டார் வண்டியினுள் தாழ்ந்த ஒலி: ஒலிபெருக்கியின் இடமும் திசையும்

மோட்டார் வண்டிகளின் பின்பகுதியில் சப்வூஃபர் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கியைப் பொருத்தும் வழக்கம் பரவியுள்ளது. ஒரே பெட்டியை, மின்சக்தியை மாற்றாமலே, சற்று நகர்த்தினால் ஒலி ஓங்குவதும் மங்குவதும் உண்டு. இதன் காரணத்தை அறிய, பள்ளியில் கற்பிக்கப்படும் அலைநீளப் பாடமே பெரும்பாலும் போதுமானது.

20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இவ்வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது ஏறக்குறைய 7 மீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூம்பு இவ்வலைநீளத்துக்கு முன் மிகச் சிறியது. ஆகவே தாழ்ந்த ஒலி ஒரு திசையில் மட்டும் செல்லாது, எல்லாத் திசைகளிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது.

அவ்வாறாயின், பெட்டியைத் திருப்பி வைக்கும்போது வேறுபாடு தோன்றுவது ஏன்? கூம்புக்கும் வண்டியின் பின்சுவருக்கும் இடையேயுள்ள தூரம் மாறுவதே காரணம். இத்தூரம் 1 மீட்டர் எனக் கொள்வோம். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேரே முன்செல்லும் அலையைவிட 2 மீட்டர் அதிகம் செல்ல வேண்டும். சுமார் 86 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இது பாதி அலைநீளமாகும். ஆதலால் ஓர் அலையின் நெருக்கமும் மற்றதன் நெகிழ்ச்சியும் ஒன்றுகூடி, ஒன்றையொன்று பெரிதும் தணித்துவிடும். தூரத்தை 20 சென்டிமீட்டராகக் குறைத்தால் இத்தணிவு 430 ஹெர்ட்ஸுக்கு அருகே நிகழும். அது சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்கு அப்பாற்பட்டது. பின்மூலையை ஒட்டி, பின்னோக்கி வைத்த பெட்டி பல வண்டிகளில் நன்கு ஒலிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. உட்புற நீளம் 2.75 மீட்டராயின், சுமார் 62 ஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் அந்நீளத்துக்குச் சமமாகிறது. அதற்கும் மிகத் தாழ்ந்த ஒலியில், உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒருசேர அழுந்தியும் விரிந்தும் இயங்குகிறது. சிறிய பெட்டியும் வண்டிக்குள் ஆழ்ந்த ஒலி தருவது இதனாலேயே. கண்ணாடிகளை இறக்கினால் அழுத்தம் கசிந்து, ஒலி மெலியும்.

செய்து பார்த்தல்: வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கதவுகளை மூடுக. மிதமான அளவில் 40, 60, 80 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்புக. ஒரு மாணவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் பெட்டியின் இடத்தை மட்டும் மாற்றுக. பின்னர் திசையை மட்டும் மாற்றுக. இறுதியாக, ஒலியை நிறுத்திவிட்டு, சப்வூஃபருக்குச் செல்லும் இரு கம்பிகளை இடம் மாற்றி இணைத்து, முன்புற ஒலிபெருக்கிகளுடன் சேர்த்துக் கேட்கவும். ஒலி மிகுந்து கேட்கும் இணைப்பே பெரும்பாலும் பொருத்தமானது.

ஒலியின் அளவை 3 டெசிபல் உயர்த்த மின்சக்தியை இரு மடங்காக்க வேண்டும். பெட்டியை நகர்த்துவதற்கோ செலவில்லை. ஆகவே சக்தியைக் கூட்டுமுன் இடத்தை ஆராய்வதே முறை. தக்க இடம் தெரிந்தபின் பெட்டியை உறுதியாகப் பிணைத்தல் இன்றியமையாதது. திடீரெனத் தடையை அழுத்தும்போது, பிணைக்கப்படாத கனமான பெட்டி முன்னே பாய்ந்து, உள்ளிருப்போருக்கு ஆபத்து விளைவிக்கும்.