தலைவாசல் கதவு: நிலையிலிருந்து தொடங்குங்கள்

மழைக்காலத்தில் தலைவாசல் கதவு இறுகிக்கொண்டால் உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும் மரம், வெயில் ஏறியதும் தானே சுருங்கிவிடும். உப்பியிருக்கும்போது இழைத்தால் சித்திரையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். கோடையிலும் இறுகினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் மேல் கீலைப் பாருங்கள். திருகாணி ஓட்டை அகன்று கதவு தொங்கியிருந்தால், மூங்கில் குச்சியில் பசை தடவி ஓட்டையை அடைத்து, பழையதைவிட நீளமான திருகாணியைப் போட்டால் போதும்.

அது இல்லை, கதவே போய்விட்டது என்றால் கடைக்குக் கிளம்புவதற்கு முன் நிலையைச் சோதியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு நிலைக்கால்களையும் தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை குத்திப் பாருங்கள். காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் தினமும் படுவது அங்கேதான். உளுத்துப்போவதும் கரையான் ஏறுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். முனை இறங்காமல் நின்றால் நிலை திடமாக இருக்கிறது, கதவை மட்டும் மாற்றலாம். அடியில் அரையடிதான் கெட்டிருக்கிறது என்றால் அதை மட்டும் வெட்டி எடுத்து, நல்ல மரத்தில் ஒட்டுக் கொடுக்கத் தெரிந்த தச்சரைத் தேடுங்கள். அதற்கு மேல் ஏறியிருந்தால் நிலையோடுதான் மாற்ற வேண்டும். மூன்றடி அகலமும் ஆறரை அடி உயரமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள தேக்குக் கதவு ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். அத்தனை எடையையும் உளுத்த காலில் தொங்கவிட்டால் சில மாதங்களில் கதவு தரையைத் தேய்க்கும்.

அளவு எடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் எடுத்து, சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை இரண்டு பக்கமும் எடுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் நிலை கோணியிருக்கிறது. கால்களுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும் அவசியம். நிலை சாய்ந்திருந்தால் எத்தனை நல்ல கதவும் தானாகத் திறந்துகொள்ளும், அல்லது தானாக மூடிக்கொள்ளும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கீழ்ப்படியைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். உயர்ந்த மரப்படி கால் தடுக்கும், சக்கர நாற்காலி ஏறாது. தரையோடு தரையாகக் கருங்கல் பதித்துவிட்டால் தண்ணீருக்கும் அது தாங்கும்.

மரம் வாங்கும் இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கரையானை அண்டவிடாத எண்ணெய்ச் சத்து தேக்கின் வைரம் பாய்ந்த நடுமரத்தில் இருக்கிறது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியை ‘வெள்ளை’ என்பார்கள். அதற்கு அந்தக் காப்பு கிடையாது, கரையானும் வண்டும் அதைத் தின்னும். ஆனால் இரண்டும் தேக்குதான், இரண்டுக்கும் மேலே சாயம் ஏற்றிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே பாலிஷ் போட்ட ஆயத்தக் கதவை வாங்காதீர்கள். இழைத்த மரமாக, சாயம் ஏறாமல் பார்த்து வாங்குங்கள். ‘பர்மா தேக்கு’ என்று சொன்னாலும் நின்று கேளுங்கள். 2014 ஏப்ரலிலிருந்து மியன்மர் தேக்கை உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. கடைகளில் இன்று கிடைப்பதில் ஆப்பிரிக்க நாடுகளின் தோட்டத் தேக்கு நிறைய. அது மோசமான மரமல்ல, ஆனால் பர்மா விலை கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான பர்மா தேக்கு வேண்டுமென்றால் பழைய மரத்தைத் தேடுவதே என் சிபாரிசு. இடித்த வீடுகளின் கதவுகளும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் இனிக் கோணாது. ஆனால் பழைய கதவுகள் இரட்டைக் கதவுகளாக, இன்றைய உயரத்துக்குக் குட்டையாக இருக்கும். கதவை வாங்கிக்கொண்டு வந்து சுவரை அதற்கேற்ப இடிப்பதா, பிரித்து மரமாகப் பயன்படுத்துவதா என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். புதைந்த ஆணிகளையும் தேடுங்கள், இழைப்புளியைக் கெடுக்கும்.

பணம் இடித்தால் நிலைக்கு வேங்கையோ சாலோ போட்டு, கதவை மட்டும் தேக்கில் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். மரக்கடையில் கன அடிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும், அடியில் நீளத்தையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஏழடிக்கு மூன்றரை அடி நிலை, 5க்கு 3 அங்குல மரம் என்றால் மொத்த நீளம் 21 அடி, கணக்கு சுமார் 2.2 கன அடி வரும். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஃபிளஷ் கதவு போடுவதானால் தண்ணீர் தாங்கும் பசையில் செய்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குத் தையும் மாசியும் தோதான மாதங்கள். மழை ஓய்ந்து மரம் காய்ந்திருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் நிலை வைக்க மாட்டார்கள்.

பழைய நிலையைப் பெயர்க்கும் முன் அதற்கு மேலே லிண்டல் இருக்கிறதா என்று கொத்தனார் பூச்சைக் கொத்திப் பார்க்கட்டும். பழைய வீடுகள் சிலவற்றில் சுவரின் பாரம் நிலையின் மேல்கட்டையிலேயே உட்கார்ந்திருக்கும். அப்படியானால் முட்டுக் கொடுக்காமல் நிலையில் கை வைக்கக் கூடாது. இதில் அவசரம் உயிருக்கே ஆபத்து.

புது நிலையின் சுவரோடு ஒட்டும் முதுகில் தார் பூசுங்கள், அல்லது முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுங்கள். ஈரச் சிமென்டு மரத்தை அரிக்கும். பக்கத்துக்கு மூன்று ஹோல்டுஃபாஸ்ட் போட்டு, நிலைக்குள் குறுக்குக் கட்டை அடித்து, கலவை இறுக ஒரு வாரம் விடுங்கள். அதற்குள் கதவை மாட்டச் சொல்லி நெருக்காதீர்கள். வெளியே கிரில் கேட் இல்லாத வீடு என்றால் அந்த ஒரு வாரத்துக்குத் தற்காலிகமாக ஒரு பலகைக் கதவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கனமான கதவுக்கு ஐந்து அங்குலக் கீல் நான்கு வேண்டும். திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைக் கண்டால் நிறுத்துங்கள், துளை போட்டுத் திருகத்தான் வேண்டும். கதவைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். சட்டங்களுக்கு நடுவே வரும் பலகையைப் பசை வைத்து ஒட்டக் கூடாது, காடியில் அசைய விட வேண்டும். ஒட்டினால் பலகை உப்பிச் சுருங்கும்போது வெடிக்கும். பூட்டு எத்தனை விலையுயர்ந்ததானாலும், நாக்கு நுழையும் தகட்டை நிலைக்குள் ஆழமாக இறங்கும் திருகாணியால் பொருத்தாவிட்டால் ஒரு உதையில் பெயர்ந்து வரும்.

கடைசியாகப் பாலிஷ். கதவின் முகத்துக்கு நான்கு பூச்சு பூசுபவர்கள் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். ஈரம் நுழைவது அந்த வெட்டுமுனைகள் வழியாகத்தான். கதவை மாட்டிய பிறகு அடி விளிம்பு கைக்கு எட்டாது, ஆகவே மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பூசி முடித்துவிடச் சொல்லுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் கீல் திருகாணிகளை ஒருமுறை இறுக்கி, வெயில் படும் பக்கத்தில் பூச்சு மங்கியிருந்தால் அங்கே மட்டும் தேய்த்து மறுபடி பூசுங்கள்.