எது உடம்போடு, எது முதுகோடு?

அன்புள்ள தம்பி,

ராணுவத்தில் சேர ஆசைப்படுகிற பிள்ளைகள் துப்பாக்கியைப் பற்றித்தான் ஆர்வமாகக் கேட்கிறார்கள். பையைப் பற்றியும் பூட்ஸைப் பற்றியும் கேட்பவர்கள் குறைவு. 1982-ல் பாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினாவோடு சண்டையிட்ட பிரிட்டிஷ் வீரர்களை அந்த இரண்டும் பாடாய்ப் படுத்தின.

மே 21-ல் படை சான் கார்லோஸ் கரையில் இறங்கியது. அங்கிருந்து தலைநகர் ஸ்டான்லியை நோக்கி வீரர்களைக் கொண்டுபோக ஹெலிகாப்டர்களைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். நான்கு நாளில் ‘அட்லாண்டிக் கன்வேயர்’ கப்பல் அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணைக்கு இரையானது. அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் அதோடு போயின. இனி நடைதான். 45 கமாண்டோ பிரிவினர் ஆளுக்குச் சுமார் 36 கிலோவைச் சுமந்துகொண்டு, கால் புதையும் ஈரநிலத்தில் மூன்று நாளில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடந்தார்கள்.

இத்தனை சுமையையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் சண்டையில் எதுவும் கைக்கு வராது. அதனால் வீரர்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, சட்டைப்பையில் இருப்பது: வரைபடம், திசைகாட்டி, கத்தி. மற்றதெல்லாம் போனாலும் இவை உடம்போடு இருக்கும். இரண்டாவது, ‘வெப்பிங்’ எனப்படும் இடுப்புப் பட்டையும் அதில் கோத்த பைகளும். தோட்டா, தண்ணீர், ஒருநாள் உணவு, மண்வெட்டி ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, முதுகில் ஏறும் ‘பெர்கன்’ பை. தூங்கும் பையும் மாற்றுடையும் அதில். சுடும் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும்.

வெப்பிங்கை அடுக்குவதில் நுணுக்கம் உண்டு. வலதுகைக்காரர் துப்பாக்கியின் பிடியை வலது கையால் பற்றியிருப்பார். தோட்டா நிரப்பிய மேகசினை எடுப்பது இடது கை. ஆகவே மேகசின் பை இடப்பக்கம் இருக்கும். வயிற்றுக்கு நேரே எதையும் கட்டக் கூடாது. கட்டினால், குப்புறப் படுக்கும்போது உடம்பு தரையோடு ஒட்டாமல் தலை மேலே தெரியும். காயத்துக்குக் கட்டும் ‘ஃபீல்டு டிரெஸ்ஸிங்’ அணியிலுள்ள எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பது அவசியம். அடிபட்டவனுக்கு அவனிடம் உள்ள கட்டையே போடுவது வழக்கம். தோழன் இருட்டில் தேடிக்கொண்டிருந்தால் ரத்தம் காத்திருக்காது.

பெர்கனில் தூங்கும் பை அடியில் போகும், கனமான பொருள் முதுகை ஒட்டி நிற்கும். உள்ளே இருப்பது எல்லாம் நீர்புகாத உறையில்.

எதை விட்டுப் போவது என்பதற்கும் விலை உண்டு. அதே பாக்லாந்து போரில் 2-ஆம் பாரசூட் பட்டாலியன் கூஸ் கிரீன் என்ற ஊரைத் தாக்கப் போனபோது பெர்கனைப் பின்னால் விட்டது. தோட்டா சுமக்கத் தோள் கிடைத்தது. ஆனால் உறைய வைக்கும் இரவுகளைத் தூங்கும் பை இல்லாமல் கழிக்க வேண்டியிருந்தது.

பூட்ஸ் கதை இன்னும் வேதனையானது. குட்டையான பிரிட்டிஷ் பூட்ஸில் தண்ணீர் புகுந்தது. பலருக்குக் கால் ஊறி மரத்துப்போகும் ‘ட்ரென்ச் ஃபுட்’ வந்தது. அர்ஜென்டினா வீரர்களின் பூட்ஸ் கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அனுபவசாலிகள் ஒரு ஜோடி காலுறையை உலர்ந்தபடியே வைத்திருந்து, இரவில் மட்டும் அணிவார்கள். காலையில் மறுபடி ஈரக் காலுறையே.

நீ முகாமுக்குப் போகும்போது பையைக் கட்டியதும் அப்படியே கிளம்பிவிடாதே. மாட்டிக்கொண்டு ஓடு, குப்புறப் படு, உருண்டு எழு. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரையும் கட்டுத்துணியையும் எடுத்துப் பார். கை தடுமாறுகிற பொருளுக்கு இடம் மாற்று. மறுநாள் பையை நனைத்து இன்னொரு முறை செய்.

அன்புடன்,
அண்ணன்