லஞ்சம் கை மாறாத ஊழல்

ஊழல்னு சொன்னதும் உங்க கண் முன்னாடி என்ன வருது? மேஜைக்கு அடியில நகர்ற ஒரு கவர். நாம இங்க பார்க்கப் போறது அது இல்லை. மயிலாப்பூர், அடையாறு மாதிரி வசதியான வட்டாரங்கள்ல பல நேரம் கவரே தேவைப்படாது. ஒரு போன் போதும்.

முதல்ல என் கதையையே சொல்லிடறேன். மூன்றாம் ஆண்டு லீவுல அடையாறுல ஒரு கம்பெனியில எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சது. என் மாமா தினமும் காலையில நாகேஸ்வர ராவ் பூங்காவுல வாக்கிங் போவார். கூட நடக்கிறவர் அந்தக் கம்பெனியில பெரிய பொறுப்புல இருந்தார். "பையன் சும்மாதான் இருக்கான்"னு மாமா சொன்னார், மறுநாளே மெயில் வந்துடுச்சு. என்னைவிட நல்லா கோடிங் பண்ற கிளாஸ்மேட் ஒருத்தன் அதே இடத்துக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணியிருந்தான். அவனுக்குப் பதிலே வரலை.

இதுல யாரும் பணம் கொடுக்கலை, வாங்கவும் இல்லை. தெரிஞ்சவங்க மூலமா வேலை தேடறதே தப்புன்னும் நான் சொல்லலை. "இவன் வேலையை நான் பார்த்திருக்கேன்"னு ஒருத்தர் சொன்னா அது தகவல். "இவன் நம்ம பையன்"னு சொன்னா அது சிபாரிசு. மாமா நான் எழுதின கோடுல ஒரு வரிகூடப் பார்த்ததில்லை.

இதே விஷயம் பெரிய அளவுல நடந்தா? நம்ம சென்னை சூப்பர் கிங்ஸையே எடுத்துக்குங்க. (மஞ்சள் ஜெர்சிக்காரங்க கோவிச்சுக்காதீங்க, நானும் உங்க கட்சிதான்.) 2008-ல 9.1 கோடி டாலருக்கு இந்த அணியை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன், அப்போ இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரியத்தின் நிர்வாகிகள் அதன் போட்டிகளில் வர்த்தக ஆதாயம் வைத்திருக்கக் கூடாதுன்னு 6.2.4 என்ற விதி இருந்தது. அதே 2008 செப்டம்பரில் வாரியம் அந்த விதியைத் திருத்தி, ஐ.பி.எல். மாதிரி போட்டிகளுக்கு விலக்கு கொடுத்துடுச்சு. ஒளிவுமறைவு இல்லை, முறையான கூட்டத்துல நடந்த திருத்தம்தான். கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் வேண்டியவங்க, அவ்வளவுதான்.

2013-ல சூதாட்டப் புகார் வந்தது. சிக்கியவர் சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன். வாரியமே இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்து ஒரு விசாரணைக் குழு போட்டது. அந்தக் குழு அமைத்த விதமே செல்லாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் 6.2.4 திருத்தத்தையே ரத்து செய்தது. கவனிங்க: சீனிவாசன் புகாரை மூடிமறைத்தார் என்பது நிரூபணமாகலைன்னும் அதே தீர்ப்பு சொல்லுது. ஆனாலும் திருத்தம் நிற்கலை. தீர்ப்பு சொல்ற இடத்துலயும் ஆதாயம் வாங்குற இடத்துலயும் ஒரே ஆள் உட்காரக் கூடாது என்பதுதான் விஷயம். நலன் முரண்பாடுன்னு இதைத்தான் சொல்றோம்.

சரி, வேண்டியவர் எழுந்து வெளியே போயிட்டா போதுமா? ஸ்வீடன்ல அதையும் பார்த்துட்டாங்க. அங்கே மருத்துவ ஆராய்ச்சி நிதி கொடுக்கும் குழுவின் மதிப்பெண்களை இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1997-ல நேச்சர் இதழில் எழுதினாங்க. விண்ணப்பதாரரோடு தொடர்புள்ள உறுப்பினர் மார்க் போடக் கூடாதுன்னு அங்கே விதி உண்டு. அவர் போடலை. மத்த உறுப்பினர்கள் அவருக்காகக் கூட்டிப் போட்டாங்க! நண்பரின் ஆள் நம்ம ஆள்தானே. பெண் விண்ணப்பதாரர்களோ, அதே மார்க்கை எடுக்க ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது.

நம்ம சிம்போசியத்துல பேப்பர் தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்குது? பேரும் கல்லூரியும் முதல் பக்கத்துலயே இருக்கு. போன வருஷம் நானும் அந்தக் கமிட்டியில இருந்தேன்; ஸ்கூல் ஃப்ரெண்டோட பேப்பரைப் பார்த்ததும் பேனா தானா தாராளமாச்சு. இந்த வருஷம் பேரை மறைச்சுட்டுத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்பணும்னு நாலு பேர் எழுதிக் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரலை. துறைத்தலைவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்க வாய் வருது, அடக்கிக்கிட்டேன்.