வரலாற்றை விட்டுவிடாதே

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ரூசோவை நன்றாக விளங்கி எழுதியிருக்கிறாய். சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேணும், இன்னார் என்று ஆளைச் சுட்டக்கூடாது என்று அவர் 1762இல் சொன்னதை வைத்து, அப்படி ஒரு சட்டம் இருந்தால் சிறுபான்மைக்குப் பயமில்லை என்று முடித்திருக்கிறாய். அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. வரும் வருடம் வரலாற்றுப் பாடத்தை விட்டுவிட்டு அரசியல் தத்துவத்தை மட்டும் எடுக்கப் போகிறேன் என்கிறாய். அதற்கு முன் 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தை எடுத்து வாசி.

அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேணுமென்றால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேணும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேணும். பார்வைக்கு எல்லோருக்கும் ஒரே அளவுகோல். மலையகத்து லயங்களில் இருந்தவர்கள் எப்போது, எங்கிருந்து, யாருடைய தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த வரிகள் யாரை வெளியே தள்ளின என்று விளங்கும். லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எங்களைக் காக்கும் என்று நம்பியிருந்தோம். கோடாக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சில், அந்தப் பிரிவு மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 1972இல் அந்தப் பிரிவே இல்லாமல் போனது.

இதை ரூசோவின் பக்கத்தில் வைத்துப் பார். அவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அவரிடம் என்ன கேள்வி கேட்க வேணும் என்பது அப்போதுதான் உனக்குத் தெரியவரும்.

சமஷ்டியும் அப்படித்தான். 1926இல் இந்த நாட்டுக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று வாதிட்டவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. முப்பது வருடம் கழித்துச் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த 1956 ஆகஸ்டில்தான் பல ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள் எங்கள் திருகோணமலையில் தமிழரசுக் கட்சி மாநாட்டில் கூடினார்கள். மொழியோடு மலையகத்தாரின் குடியுரிமையையும் கேட்டார்கள். 1957 ஜூலையில் அந்தக் கட்சியின் செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம், அடுத்த ஏப்ரலில் அதுவும் கிழிந்தது. ஒரே மனிதர் ஒரே கருத்தை ஏன் பிடித்தார், ஏன் விட்டார், ஏன் பாதியளவு திரும்பி வந்தார் என்பதைத் தத்துவப் புத்தகம் மட்டும் உனக்குச் சொல்லாது.

எங்கள் பக்கத்தையும் அதே கண்ணால் பார்க்க வேணும், பிள்ளை. சர்வசன வாக்குரிமை வேண்டாம் என்று டொனமூர் காலத்தில் வாதாடியவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1931இல் அது வந்தபடியால்தான் உன் பூட்டி போன்ற பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது. எங்களுக்கு நடந்த அநியாயத்தை மட்டும் வரலாறு என்று படித்தால் உன் நீதி பற்றிய சிந்தனையும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பல்கலைக்கழக நூலகத்தில் 1948 ஆகஸ்ட் ஹன்சாட் இருந்தால் குடியுரிமை விவாதத்தை முழுக்க வாசி. ஆதரித்தவர்கள் சொன்ன நியாயங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு விடுமுறைக்கு வா. அவற்றில் எது ரூசோவுக்குப் பிடித்திருக்கும் என்பதை நாங்கள் இருவரும் இருந்து பேசுவோம்.

அன்புடன்,
மாமா