யாருடைய பந்தில் ஆடுவது?

மாலை வேளையில் தோட்டத் திடலில் காற்பந்து தொடங்குமுன் இக்கேள்வி எழுவதுண்டு. ஒரு குழு தான் பழகிய பந்தையே விரும்பும். மற்றக் குழு அதனை ஒப்பாது. இதைச் சிறுபிள்ளைச் சச்சரவு என்று எண்ணிவிட வேண்டா. உலகக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டமே இத்தகைய சச்சரவுடன்தான் தொடங்கியது.

ஓர் ஆட்டம், இரு பந்துகள்

முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 1930-ஆம் ஆண்டு உருகுவே நாட்டில் நடைபெற்றது. 13 நாடுகள் கலந்துகொண்டன. ஜூலை 30-ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் உருகுவேயும் அதன் அண்டை நாடான அர்ஜென்டினாவும் மோதின. இரு குழுவினரும் தத்தம் பந்திலேயே ஆட வேண்டும் என்று பிடிவாதம் செய்தனர். இறுதியில், முற்பாதி ஆட்டத்திற்கு அர்ஜென்டினாவின் பந்து, பிற்பாதிக்கு உருகுவேயின் பந்து என்று முடிவாயிற்று.

தன் பந்தில் ஆடிய அர்ஜென்டினா, இடைவேளையின்போது 2-1 என முன்னணியில் இருந்தது. பந்து மாறியது, ஆட்டமும் மாறியது. உருகுவே 4-2 என்று வென்றது. அதன் நான்காவது கோலைப் புகுத்திய ஹெக்டர் காஸ்ட்ரோ, சிறு வயதில் நேர்ந்த விபத்தில் வலக் கையின் முன்பகுதியை இழந்தவர். பந்துதான் வெற்றியைத் தந்தது என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், அந்த ஐயத்திற்கு இடம் வைத்ததே பெருங்குறையன்றோ?

பந்துக்குள் ரப்பர்

முற்காலத்தில் பந்தினுள் காற்றை அடைக்கப் பன்றியின் சிறுநீர்ப்பை பயன்பட்டது. அதனை வாயால் ஊத வேண்டும். இங்கிலாந்தின் ரக்பி நகரில் காலணியும் பந்தும் செய்துவந்தவர் ரிச்சர்ட் லிண்டன். நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதியதால் அவருடைய மனைவி நோய்வாய்ப்பட்டு இறந்தார் என்பர். 1862-ஆம் ஆண்டு வாக்கில் லிண்டன் ரப்பரால் உட்பை செய்தார். ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்திருந்தமையால் இது கைகூடிற்று.

அந்நாளில் ரப்பர் காட்டு மரங்களிலிருந்தே கிடைத்தது. 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழிவந்த நாற்றுகள், 1877-இல் சிங்கப்பூரையும் கோலகங்சாரையும் அடைந்தன. நம் பால்மரத்தின் தாயகமாகிய அதே பிரேசில்தான் 2002-ஆம் ஆண்டுக்குள் உலகக் கிண்ணத்தை ஐந்து முறை வென்றது.

நெற்றியைக் கிழித்த வார்

பழைய தோல் பந்தின் வாயை வாரினால் இறுக்கிக் கட்டுவர். தலையால் முட்டும்போது அவ்வார் நெற்றியில் காயம் உண்டாக்கும். மழையில் தோல் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். 1931-இல் அர்ஜென்டினர் மூவர், ஊசியால் காற்றடைக்கும் வாரற்ற பந்தை உருவாக்கினர். அவ்வகைப் பந்து 1950-ஆம் ஆண்டுப் போட்டியில் இடம்பெற்றது. நீரை உறிஞ்சாத செயற்கைப் பந்தோ 1986-இல்தான் வந்தது.

முப்பது ஆண்டுப் பயணம்

1966-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை அதே 4-2 கணக்கில் வென்றது. மூன்று கோல்கள் அடித்த ஜெஃப் ஹர்ஸ்டுக்கே பந்து உரியது என்பது ஆங்கிலேயர் வழக்கம். ஆனால், ஜெர்மானிய ஆட்டக்காரர் ஹெல்முட் ஹாலர் அதனைத் தம்மோடு கொண்டுசென்றுவிட்டார்! அப்பந்து 1996-இல்தான் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

அனைவர்க்கும் ஒரே பந்து

1970-இல் மெக்சிகோவில் நடந்த போட்டிக்கு அடிடாஸ் நிறுவனம் 32 துண்டுகளால் ஆன பந்தை வழங்கியது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரியும் பொருட்டு, வெள்ளைப் பந்தில் கறுப்புத் துண்டுகள் சேர்க்கப்பட்டன. 2022-இல் கத்தாரில் ஆடிய பந்தினுள் மின்னணுக் கருவி ஒன்று இருந்தது. அது நொடிக்கு 500 முறை செய்தி அனுப்பி, ஆஃப்சைடு தீர்ப்பில் நடுவர்களுக்கு உதவிற்று.

நாம் செய்யத்தக்கது

இத்தகைய பந்து நமக்குத் தேவையில்லை. அதன் நேர்மை தேவை. ஆட்ட விதிப்படி பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். ஆட்டத் தொடக்கத்தில் அதன் எடை 410 முதல் 450 கிராம். இரு குழுத் தலைவர்களும் நடுவரும் பந்தை முன்னதாகவே பார்த்து ஒப்புக்கொள்க. இயற்கை ரப்பர்ப் பாலால் ஆன உட்பை காலுக்கு மென்மையானது. எனினும், பியூட்டைல் எனும் செயற்கை ரப்பர்ப் பையைவிட விரைவில் காற்றை இழக்கும். ஆகவே, ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் காற்றைச் சோதித்துக்கொள்க.

காலையில் மங்கில் சொட்டும் பால் மாலையில் பந்தாக உருளலாம். அப்பந்து எக்குழுவிற்கும் சொந்தமாக இல்லாமல் ஆட்டத்திற்குச் சொந்தமாக இருக்குமானால், தோற்றவரும் மனக்குறையின்றி வீடு திரும்புவர்.