ராட்டினம் மறுபடி சுத்தும்போது: மூடிக் கிடந்த தொழிலும் கடன் கணக்கும்



கறவை மாடு, பெட்டிக்கடை, தையல் என்று கடன் வாங்கியவர்களின் கணக்கை இந்தப் பாடப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். திருவிழாவில் ராட்டினம் போடுகிறவர்கள், பிள்ளைகள் குதிக்கும் காற்றுப் பலூன் வைத்திருப்பவர்கள், அருவிக் கரையில் எண்ணெயும் சீயக்காயும் விற்கிறவர்கள், படகுத்துறை பக்கம் மாங்காய் கீறி விற்கிறவர்கள், இவர்களைப் பற்றி எழுதியதே இல்லை. நம் குழுக்களில் இவர்களும் இருக்கிறார்கள். கொரோனாவில் முதலில் மூடியது இவர்கள் தொழில், கடைசியில் திறந்ததும் இவர்கள் தொழில். பால் இல்லாமல் இருக்க முடியாது, அதனால் பால்காரருக்கு வழி விட்டார்கள். ராட்டினம் இல்லாமல் யார் செத்துப் போவாங்க? ராட்டினத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தைத் தவிர!

அந்த இரண்டு வருடத்தை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்கலாம். திறந்த பிறகு பட்ட கடனை இன்றும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மூடியிருந்தபோது பட்ட கஷ்டத்தைவிட, திறக்கும்போது போட்ட தப்புக் கணக்கால் பட்ட கஷ்டம் பெரிது. அதைப் படிப்பதுதான் இந்த மாதப் பாடம்.

எந்த மாதம் மூடினார்கள் என்பது முக்கியம்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நம் ஊர்ப்பக்கம் கொடை, பூக்குழி, தேர் என்று தொடர்ந்து வரும். ராட்டினக்காரர் வருடச் சம்பாத்தியத்தில் பெரும் பகுதி அந்த மூன்று மாதத்தில்தான். அது அப்படியே போச்சு.

பொழுதுபோக்குப் பூங்காக்களை அக்டோபர் 15 முதல் திறக்கலாம் என்று மத்திய அரசு சொன்னது. தமிழ்நாட்டில் நவம்பர் 10 முதல் அனுமதி வந்தது. ஆனால் பூங்கா திறக்கலாம் என்பது வேறு, ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டம் கூடலாம் என்பது வேறு. இரண்டாவது வராமல் முதலாவதால் நம் ஆட்களுக்கு ஒரு காசு வரும்படி இல்லை. 2021 தை, மாசியில் அங்கங்கே திருவிழா நடக்க ஆரம்பித்தது. எல்லோரும் இரும்பைத் துடைத்துப் பெயிண்ட் அடித்து லாரி ஏற்றினார்கள். ஏப்ரல் 10 முதல் திருவிழாவுக்கும் மதக் கூட்டங்களுக்கும் மறுபடி தடை. மே மாதம் முழு ஊரடங்கு. 2022 ஜனவரியில் இன்னொரு முறை இரவு ஊரடங்கு, ஞாயிறு ஊரடங்கு, பூங்காக்களுக்குத் தடை. மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கே 2020, 2021 இரண்டு வருடமும் மக்கள் போக முடியவில்லை, 2022-ல்தான் போனார்கள்.

குற்றாலத்தைப் பாருங்கள். சாரல் சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அருவியில் குளிக்க 2020-ல் அனுமதி கிடைத்தது டிசம்பரில், 2021-லும் டிசம்பரில்! ஐயப்பன் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் வந்ததால் கொஞ்சம் வியாபாரம் நடந்தது, அவ்வளவுதான். இரண்டு சாரலும் போனது போனதுதான்.

எட்டு மாதம் மூடிக் கிடந்தது என்றால் எட்டு மாத வருமானம் போச்சு என்று மற்ற தொழிலில் கணக்குப் போடலாம். சீசன் தொழிலில் அந்தக் கணக்கு செல்லாது. சீசன் மூன்று மாதம் மூடினால் ஒரு வருட வருமானமே போச்சு. இந்த விஷயத்தை நாங்களே அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "மூணு மாசம்தானே, நவம்பர்ல திறந்துட்டாங்கல்ல, தவணையைக் கட்டு" என்று உறுப்பினர்களிடம் பேசியிருக்கிறோம்.

"தள்ளி வைப்பு" வேறு, "தள்ளுபடி" வேறு

நாங்கள் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறோம். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் முதல் மே வரை மூன்று மாதத் தவணைகளைத் தள்ளி வைக்கலாம் என்று வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. டிவியில் கேட்டுவிட்டு எங்களில் சிலர் குழுக்களுக்குப் போன் போட்டு "ஆறு மாசம் கட்ட வேண்டாம்க்கா" என்று சொன்னோம். "கட்ட வேண்டாம்" என்றதை நிறைய பேர் "இனிமேல் கட்டவே வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் சொன்ன விதம் அப்படி.

தவணையைத் தள்ளி வைத்தாலும் வட்டி நிற்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு உறுப்பினருக்கு 50,000 ரூபாய் பாக்கி, வருட வட்டி 12 சதவீதம், இன்னும 24 தவணை. மாதம் சுமார் 2,354 ரூபாய் கட்ட வேண்டும். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் பாக்கி 53,076 ஆகிவிடும். அதே 24 தவணையில் முடிக்க மாதம் சுமார் 2,499 கட்ட வேண்டும். மாதத்துக்கு 145 ரூபாய்தானே கூடுகிறது என்று தோன்றும். 24 மாதத்துக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 3,475 ரூபாய்.

அந்த 53,076-ல் வட்டிக்கு வட்டி எவ்வளவு தெரியுமா? வெறும் 76 ரூபாய். 2020 அக்டோபரில் மத்திய அரசு, 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறுதொழில், வீட்டுக் கடன் போன்றவற்றுக்கு வட்டிக்கு வட்டியை மட்டும் தானே ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. "அரசாங்கம் வட்டியைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்று ஊர் முழுக்கப் பேச்சு. இந்த மாதிரி ஒரு கடனுக்கு அதன் மதிப்பு 76 ரூபாய். மூவாயிரம் ரூபாய் சாதா வட்டி நம் தலையில்தான்.

ரிசர்வ் வங்கி அனுமதிதான் கொடுத்தது, கட்டாயம் என்று சொல்லவில்லை. அதனால் கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால்தான் தள்ளி வைப்பு. வாராவாரம் வசூலிக்கும் தனியார் கடன் வாங்கியிருந்த சிலர் வீட்டு வாசலில் ஊரடங்கு தளர்ந்ததுமே ஆள் வந்து நின்றது நமக்குத் தெரியும்.

உண்மையான தள்ளுபடியும் ஒன்று நடந்தது. கூட்டுறவு வங்கிகளிலும் சங்கங்களிலும் மகளிர் குழுக்கள் வாங்கி 2021 மார்ச் 31 அன்று பாக்கியிருந்த 2,756 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அது கூட்டுறவுக் கடனுக்கு மட்டும். மற்ற வங்கியில் வாங்கிய குழுக்களுக்கு அது பொருந்தாது. "அந்தக் குழுவுக்குத் தள்ளுபடி ஆச்சு, நமக்கு ஏன் ஆகல, ஊக்குநர் என்னமோ பண்ணிட்டா" என்று சண்டை வந்து இரண்டாக உடைந்த குழுவை நாங்கள் பார்த்தோம். கடன் எந்த வங்கியில் என்பது எல்லா உறுப்பினருக்கும் தெரிந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

பாதிக் கூட்டம், முழுச் செலவு

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். திறக்கும்போது பாதிப் பேருக்கு மட்டும் அனுமதி, ஆறடி இடைவெளி, அடிக்கடி தொடும் கம்பிகளைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுரை. நோய்க்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் குடை ராட்டினத்தில் ஏறுவது யார்? பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தானே!

ஒரு குடை ராட்டினத்தில் 12 இருக்கை. ஒரு ஆளுக்கு 20 ரூபாய். சாயங்காலம் தொடங்கி இரவுக்குள் 25 சுற்று ஓடினால் 6,000 ரூபாய். செலவு: தரைவாடகை 1,500, டீசல் 800, இரண்டு ஆள் கூலி 1,200, சாப்பாடு 300, லாரி வாடகையில் ஒரு நாள் பங்கு 700. மொத்தம் 4,500. கையில் 1,500 மிச்சம். இது கணக்குக்காக நாங்கள் போட்ட தொகை. உங்கள் ஊர்த் தொகையை வைத்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பாதி இருக்கை. ஒவ்வொரு சுற்றுக்கும் துடைப்பதால் 25 சுற்று 18 ஆகிவிடும். 6 பேர், 20 ரூபாய், 18 சுற்று: 2,160 ரூபாய். செலவு பாதியாகுமா? ஆகாது. பாதிப் பேரை ஏற்றினால் டீசல் பாதியாகக் குடிக்காது. தரைவாடகைக்காரர் பாதி வாங்க மாட்டார். 4,500 செலவு அப்படியே. ஒரு நாளைக்கு 2,340 ரூபாய் நட்டம். அதாவது திறப்பதைவிட மூடி வைத்தால் நட்டம் குறைவு!

இதைக் கேட்டதும் ஒரு குழுக் கூட்டத்தில் ராட்டினம் வைத்திருந்த உறுப்பினர் எழுந்து, "அப்ப நான் என்னதான்க்கா பண்றது? இரும்பு துருப்பிடிச்சுப் போகுதே" என்றார். எல்லோருமாக உட்கார்ந்து மறுபடி போட்டோம். டிக்கெட் 30 ரூபாய் ஆக்கினால் 3,240 வரும். தரைவாடகையைக் கட்டுத் தொகையாக வேண்டாம், வசூலில் ஐந்தில் ஒரு பங்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்று விழாக் கமிட்டியிடம் கேட்டால் 648. ஒரு ஆள் கூலியை நிறுத்திவிட்டு வீட்டு ஆள் நின்றால் கூலி 600. டீசல் 800, சாப்பாடு 300, லாரி 700. மொத்தச் செலவு 3,048. மிச்சம் 192 ரூபாய்.

192 ரூபாய்க்கா இவ்வளவு பாடு என்று சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், வேலையாள் ஒருத்தராவது வேறு தொழிலுக்குப் போக மாட்டார், கமிட்டிக்காரர்கள் நம்மை மறக்க மாட்டார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். திறக்கலாம், ஆனால் அந்த வருமானத்தை நம்பித் தவணை கட்டுவேன் என்று சொல்லி எந்தக் கடனும் வாங்கக் கூடாது. 192 ரூபாயில் தவணை எங்கே வரும்?

மறுதிறப்புக் கடன்: எவ்வளவு கொடுப்பது?

அந்த உறுப்பினர் 30,000 கேட்டார். பேரிங், தார்ப்பாய், சீரியல் பல்பு, பெயிண்ட், ஜெனரேட்டர் பேட்டரி, இரண்டு புது இருக்கை. அப்போது குழுக்களுக்குப் பிணை இல்லாக் கடன் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்துவதாக அறிவித்திருந்தார்கள். "வங்கியே கொடுக்குது, வாங்கிக் கொடுத்துடலாமே" என்று சிலர் சொன்னார்கள். வங்கி கொடுக்கும் அளவு உயரலாம், ராட்டினத்தின் வசூல் உயரவில்லையே!

குழு பட்டியலைப் பிரித்தது. பாதுகாப்புக்கான செலவு எது, பார்வைக்கான செலவு எது என்று கேட்டார்கள். பேரிங், போல்ட், வெல்டிங் சரிபார்ப்பது உடனே வேண்டும். எட்டு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த இரும்பில் ஊரான் பிள்ளையை ஏற்றப் போகிறோம். அதில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. பெயிண்டும் பல்பும் அடுத்த வருடம் பார்க்கலாம். உள்கடனாக 12,000 கொடுத்தார்கள். தவணையையும் மாதாமாதம் ஒரே தொகையாக வைக்கவில்லை. திருவிழா மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் வட்டி மட்டும் என்றும் தீர்மான நோட்டில் எழுதினார்கள். அவருக்கு அன்று மனவருத்தம்தான். "என்னை நம்பலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாசியில் மூன்று ஊரில் ராட்டினம் ஓடியது. ஏப்ரலில் தடை வந்ததும் வண்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டது. 12,000 கடனை நூறு நாள் வேலைக் கூலியிலும் ஆடு விற்ற பணத்திலும் அடுத்த வருடத்துக்குள் அடைத்தார். அதே சமயத்தில் பக்கத்து ஊரில் வாராந்திரக் கடன் 60,000 வாங்கிக் காற்றுப் பலூன் புதிதாக வாங்கிய இன்னொரு சகோதரிக்கு, பலூனை எலி கடித்து, கடனும் நின்று, கம்மல் அடகுக்குப் போனது. அவர் நம் கூட்டமைப்பில்தான் இருக்கிறார். எங்களிடம் கேட்காமல் வாங்கினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டோம். கேட்டிருந்தால் எங்களிடம் அப்போது கொடுக்க நிதியும் இல்லை, சொல்ல இந்தக் கணக்கும் இல்லை.

இனிமேல் என்ன செய்யலாம்?

மூடுவதற்கு நோய்தான் வர வேண்டும் என்று இல்லை. அருவியில் வெள்ளம் வந்தாலும் குளிக்கத் தடை, கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லை. ஊரில் தகராறு வந்து திருவிழா நின்றாலும் ராட்டினம் நிற்கும். அதனால் சீசன் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு சேமிப்பு தொடங்கலாம் என்று கூட்டமைப்பில் பேசி வருகிறோம். சீசன் நாளில் வசூலில் பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய், தனிப் பாஸ் புத்தகம், சீசன் நின்றால் மட்டும் எடுக்கலாம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எடுக்க விடக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள், அவரவர் காசைத் தடுக்க நாம் யார் என்று சிலர் கேட்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. உங்கள் குழுவின் கருத்தை எழுதி அனுப்புங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை: நம் குழுவில் சீசன் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு எந்தெந்த மாதம் வருமானம், எந்தெந்த மாதம் கிடையாது? தவணை அந்த மாதங்களுக்குத் தகுந்தபடி இருக்கிறதா? ஒவ்வொருவரின் கடனும் எந்த வங்கியில், எத்தனை சதவீதம், பாக்கி எவ்வளவு என்று ஊக்குநர் மட்டும் அல்லாமல் எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? தொழில் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்து வரவும். கூட்டம் பாதியாக வந்தால் எந்தச் செலவு குறையும், எது குறையாது என்று எதிரே குறித்து வரவும். எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கி வந்தால் போதும்.